பிடரி சொன்ன சேதி

மாமனாரின் பின்னால் ஒருவர் நடந்து வருகிறார் என்பதை முதலில் கண்டவள் மகள்.

"தாத்தா நின்னா அவரும் நிக்கிறாரு. தாத்தா நடந்தா அவரும் நடக்கிறாரு. மூஞ்சியப் பாக்கவே இல்லப்பா. பின்னந்தலையையே பாத்துக்கிட்டு வந்தாரு. ரொட்டிக் கடை வாசல்ல போன எடுத்து ஒரு படமும் புடிச்சாரு" என்றாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் விரிப்புகளை மடித்துவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்த தந்தை, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாய் அப்படியே நின்றார்.

"எந்த மாதிரி ஆளு?"

"சாதாரண ஆளுதான். கையில பை. கொஞ்சம் தொப்பை."

"தொப்பை இருந்தா நல்லவன்னு அர்த்தமா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"உங்கப்பாவுக்கும்தான் இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் சன்னல் திரையை இழுத்து மூடினார். வேடிக்கை பேசும் வேளை அதுவன்று.

அக்குடும்பம் அவ்வூருக்கு வந்து ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்திருந்தன. விரும்பி வந்த வருகை அன்று. வேறோர் ஊரின் கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்றைத் தந்தை நடத்திவந்தார். ஒரு நாள் முற்பகலில், முகம் நிறைய நுரையோடு கண்மூடிச் சாய்ந்திருந்த ஓட்டுநர் ஒருவரை, அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்த லாரி முதலாளியே உள்ளே நுழைந்து சுட்டுக் கொன்றார். கடையில் அப்போது வேறெவரும் இல்லை. சுட்ட முகத்தைக் கண்டவர் சலூன்காரர் ஒருவரே. அந்த முதலாளியின் தலையும் அவருடைய ஆட்கள் பலரின் தலைகளும் ஆண்டாண்டாக இவர் கைக்குப் பணிந்த தலைகள். ஆகவே முதலாளியை அடையாளம் காட்டுவதில் இவருக்குத் துளியும் ஐயமில்லை. இவரை அடையாளம் காண்பதில் அவர்களுக்கும் ஐயமில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாள்வரை இக்குடும்பத்தை உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமையாயிற்று.

அரசு புதிய பெயர் தந்தது, வீடு தந்தது, வேலை தந்தது. போதாதென்று ஓர் உறவையும் தந்தது. இவர்களைக் காக்கும் அதிகாரி, மனைவியின் உடன்பிறந்த அண்ணன் என்று அக்கம்பக்கத்தில் அறிமுகமானார். மனைவி அவரை அண்ணா என்றாள். மகள் மாமா என்றாள். சலூன்காரர் மச்சான் என்று அழைக்கப் பழகிக்கொண்டார். அதிகாரியோ முதியவரை அப்பா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. "நான் பெத்தது ரெண்டும் பொண்ணுதான். இது சர்க்கார் பெத்துக் குடுத்தது" என்று மாமனார் அவரைப் பார்த்து அலுத்துக்கொள்வார்.

மச்சான் வகுத்த விதிகள் சிலவே. பழைய ஊரோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. அயலாரோடு நெருங்கிப் பழகக் கூடாது. எல்லாவற்றிலும் தலையாயது, பழைய தொழிலைக் கையால் தொடக் கூடாது என்பது. "கத்தரியப் புடிச்சீங்கன்னு மேல தெரிஞ்சா, காவலை எடுத்துடுவாங்க மச்சான். அப்புறம் நான் வெறும் மச்சான்தான்" என்று எச்சரித்திருந்தார்.

அந்த விதியைத்தான் சலூன்காரர் மீறியிருந்தார். அவரை மீற வைத்தது மாமனாரின் தலை.

அது எளிய தலை அன்று. உச்சியில் இரட்டைச் சுழி. பிடரியிலோ முடி கீழ்நோக்கிப் படியாமல், கோபங்கொண்ட பூனையின் முதுகைப் போல் மேல்நோக்கிச் சிலிர்க்கும். இத்தலையைப் புது ஊரின் சலூன் ஒன்றில் முதன்முறை கொடுத்துவிட்டு வந்த முதியவர், நிலைக்கண்ணாடியின் முன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தவர், எழவில்லை. உலாவப் போவதையும் ரொட்டி வாங்கப் போவதையும் விட்டொழித்தார்.

"மாப்பிள்ளை, சாட்சி சொல்லப் போறது நீங்க. தண்டனை மட்டும் எனக்கா?"

அந்த ஒரு கேள்வியில் சலூன்காரரின் உறுதி கரைந்தது. சமையலறையில் நாற்காலியைப் போட்டு, கீழே பழைய செய்தித்தாளை விரித்து, கத்தரியின் ஒலி சுவர்கடந்து போகாதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மாமனாரின் தலையைச் சீர்செய்தார். முடி வளரும்போதெல்லாம் அது தொடர்ந்தது. முதியவர் மீண்டும் நிமிர்ந்து உலவினார். அதன்பின் அவர் தலையில் தொப்பி ஏறவே இல்லை.

அந்தத் தலையின் பின்னால்தான் இப்போது ஓர் அந்நியர் நடந்து வருகிறார்.

மச்சானுக்குச் சொல்லிவிடலாம் என்றாள் மனைவி. கணவர் தலையை ஆட்டினாரே ஒழியத் தொலைபேசியைத் தொடவில்லை. சொன்னால் விசாரணை வரும். விசாரணை வந்தால் கத்தரி வெளிவரும். கத்தரி வெளிவந்தால் காவல் போகும். அதனினும் ஆழத்தில், சொல்லவும் கூசும் வேறோர் எண்ணம் ஊறிக்கொண்டிருந்தது. இந்த விலாசம் உலகில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மச்சான். அவர் வாயிலிருந்து கசியவில்லை என்று எப்படித் துணிவது?

ஐயம் நுழைந்த வீட்டில் உறவுமுறைகள் அப்படியே இருக்கும். அவற்றின் பொருள் மட்டும் மாறிப்போகும். சாப்பிடும்போது அவர் மனைவியைக் கேட்டார்.

"உங்க அக்காகிட்ட ஏதாவது பேசினியா?"

"என்னைப் பாத்துக் கேக்கிறீங்களா இத?"

"கேட்டேன். அவ்வளவுதான்."

"நீங்க அந்தச் சலவைக் கூடத்துல யார்கிட்டயாவது உளறினீங்களா? நான் கேட்டனா?"

"இப்ப கேட்டுட்டியே."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஏன் தலை நிமிரவில்லை என்று தந்தை நினைத்தார். தந்தை ஏன் தன்னையே பார்க்கிறார் என்று மகள் நினைத்தாள். நடுவே மாமனார் மட்டும் மகிழ்ச்சியாய் மென்றுகொண்டிருந்தார்.

"இந்த வயசுலயும் என் பின்னாடி ஒருத்தன் வர்றான்னா, நான் இன்னும் லேசுப்பட்ட ஆள் இல்லன்னு தெரியுது."

"அப்பா, சும்மா இருங்க!" என்றாள் மனைவி.

மறுநாள் முதல் சலூன்காரர் எதையும் நேராகப் பார்க்க இயலாதவரானார். வேலைக்குப் போகும் பேருந்தில், தமக்கு முன்னே அமர்ந்தவர் இருமுறை திரும்பியதை எண்ணி இறங்குமிடம் வருமுன்பே இறங்கினார். சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டதற்கு, "ஏன் கேக்கிறீங்க?" என்று விழுந்தார். மடித்த விரிப்பை உதறி மறுபடியும் மடித்தார். தம் நிழல் சுவரில் ஏறியபோதுகூட, இது என் நிழல்தானா என்று ஒருகணம் நின்று பார்த்தார்.

விடுமுறை வந்தது. மாமனார் வழக்கம்போலப் பூங்காவுக்குப் புறப்பட்டார். சற்று இடைவெளி விட்டுச் சலூன்காரரும் புறப்பட்டார். ரொட்டிக் கடைத் திருப்பத்தில் அந்த ஆள் தோன்றினார்: மகள் சொன்ன பை, மகள் சொன்ன தொப்பை. முன்னே முதியவர், அவர்பின் அந்நியர், அந்நியர்பின் மருமகன் என்று மூவரும் ஒரு நூலில் கோத்தாற்போலத் தெருவைக் கடந்தனர். முதியவர் பூங்காப் பலகையில் அமர்ந்ததும், அந்நியர் பின்புறமாய்ப் போய், கீழே ஏதோ விழுந்ததைத் தேடுபவர் போலக் குனிந்து, பிடரியை இமைகொட்டாமல் நோக்கினார். தம் விரலால் காற்றில் ஏதோ வரைந்து பார்த்தார். பிறகு பெருமூச்செறிந்து திரும்பி நடந்தார்.

மருமகன் விடவில்லை. பின்தொடர்ந்தார். தெரு மூலையில் அந்நியர் நின்றார். பையிலிருந்து சாவியை எடுத்தார். ஒரு கடையின் இரும்புக் கதவைத் தூக்கினார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, சீப்புகள் ஊறும் ஒரு குவளை.

அது ஒரு சலூன்.

ஒரு கணம் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம், ஒரு சலூன்காரனுக்கு என் மாமனாரின் தலையில் என்ன வேலை என்ற கேள்வி வந்தது. கேட்டுவிடுவதே நலம் என்று துணிந்து, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் அதன் பின்னே நின்றவருக்கு, அதில் அமர்வது குற்றவாளிக் கூண்டில் ஏறினாற்போல் இருந்தது.

மூலைக்கடைக்காரர் வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். தலையைத் தொட்டார். உச்சுக்கொட்டினார்.

"இது வீட்டுல மெஷின் போட்டதா?"

"ஆமா. சம்சாரம் போடுவாங்க."

"தப்பா நினைக்காதீங்க சார். புல்லு வெட்டின மாதிரி இருக்கு."

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்ற சலூன்காரர், கண்ணாடியில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்: "பூங்காவுல ஒரு பெரியவர் பின்னாடி நீங்க குனிஞ்சு நின்னதப் பாத்தேன். ஏதாவது விழுந்துடுச்சா?"

மூலைக்கடைக்காரர் நாணிச் சிரித்தார்.

"பாத்துட்டீங்களா? என் வீட்டுலயும் இதே திட்டுதான். ஒரு கிழவர் பின்னாடி சுத்துறியே, வெக்கமா இல்லயான்னு. சார், அவர் தலை ஒரு தடவ என்கிட்ட வந்துச்சு. நான் அதக் கெடுத்து அனுப்பினேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? அவ்வளவு முரட்டுப் பிடரி. அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல. ஆனா தெருவுல பாக்கிறேன், அந்தப் பிடரி பட்டு மாதிரி படிஞ்சிருக்கு! கோடே இல்ல. முடி எங்க முடியுது, கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. இந்த ஊருல அப்படி ஒரு கை யாருக்கும் கிடையாது. யார் வெட்டினாங்கன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல."

"அவர்கிட்டயே கேக்கலாமே?"

"கேட்டேன். முறைச்சுட்டுப் போயிட்டாரு. அதான் ஒரு படம் எடுத்து, எங்க தொழில்காரங்க எல்லாரும் சேந்து ஒரு வாட்ஸ்அப் குழு வச்சிருக்கோம், எல்லா ஊர் ஆளும் அதுல உண்டு, அதுல போட்டேன். இது யார் கைன்னு கேட்டேன்."

மூலைக்கடைக்காரர் உற்சாகமாய்த் தொலைபேசியைச் சலூன்காரர் கண்முன் நீட்டினார். திரையில் மாமனாரின் பிடரி. அதன்கீழ் வரிசையாய்ப் பதில்கள். இடக்கைக்காரன் வெட்டு என்று ஒருவர் கண்டுபிடித்திருந்தார். மெஷின் படாமல் சீப்பின்மேல் கத்தரி ஓட்டியது என்று வேறொருவர் வியந்திருந்தார். அவற்றின்கீழ் ஒரு சிறு பதில்: இது எங்க அண்ணன் கை, இது எந்த ஊர்?

அப்பதிலின் ஓரத்தில் ஒரு முகம். ஒல்லி என்று எல்லாரும் அழைப்பவரின் முகம். பழைய கடையின் இரண்டாம் நாற்காலிக்காரர். ஏறத்தாழ ஒத்த வயதினராயினும் இவரை அண்ணே என்றே அழைத்த நண்பர். கொலை நடந்த அன்று தேநீர் வாங்கப் போயிருந்தவரும் அவரே.

எல்லாவற்றையும் மறைத்த குடும்பம் ஒன்றை மறைக்க மறந்திருந்தது. தன் பிடரியைத் தான் காணும் மனிதர் எவரும் இல்லை; அதனால் அதைப் பற்றிய நினைவு ஒருவருக்கும் எழவில்லை. பிறர் பிடரியிலேயே வாழ்நாளைக் கழித்தவருக்கும் எழவில்லை. பெயரை மாற்றி, ஊரை மாற்றி, கையொப்பத்தையும் மாற்றிக்கொண்டவர், தம் கையை மட்டும் மாமனாரின் கழுத்தில் பதித்து நாள்தோறும் வீதியுலா விட்டிருக்கிறார்.

"நீங்க... ஊரைச் சொன்னீங்களா?"

"சொன்னேனே! தெருவோட சொன்னேன். அப்புறம் பதிலே காணோம். ஆனா இன்னிக்குக் காலையில ஒருத்தர் நேர்லயே தேடி வந்துட்டாரு சார். அந்தப் பெரியவருக்குச் சொந்தமாம். பாவம், ரொம்ப நாளாத் தேடறாராம். நான்தான் ரொட்டிக் கடைக்குப் பின்னாடி இருக்கிற கட்டடத்தக் காட்டினேன். என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? சார்! துணி! சார், என் துணி!"

கழுத்தில் வெள்ளைத் துணி பறக்க, நடுத்தர வயதுடைய ஒருவர் பூங்காவை நோக்கி ஓடுவதைத் தெரு வேடிக்கை பார்த்தது. மாமனார் இன்னும் பலகையிலேயே இருந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது கோலம்? பாதி வெட்டுல ஓடி வந்துட்டீங்களா?"

"எந்திரிங்க மாமா. கேள்வி கேக்காம வாங்க."

"கேக்கல. துணியயாவது அவுருங்க, மானம் போகுது."

வீட்டில் மனைவியும் மகளும் இருந்தனர். அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, இனி மறைக்க ஏதுமில்லை என்று மச்சானை அழைத்தார். கத்தரி முதல் படம்வரை, படம் முதல் காலையில் வந்த ஆள்வரை எல்லாவற்றையும் சொன்னார்.

"கத்தரியத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எத்தன தடவ?"

"முடி வளர்ந்த தடவையெல்லாம்."

"திட்டுறதெல்லாம் அப்புறம். வீட்ட விட்டு வெளிய வராதீங்க. உள்ளூர் ஸ்டேஷன்லேருந்து ஒருத்தர் வருவார், அட்டை காட்டுவார். அவரோட இறங்கி வண்டியில ஏறிடுங்க. நான் வழியில வந்து சேந்துக்கறேன்."

மனைவி பைகளில் துணிகளைத் திணித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. சலூன்காரர் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தார். வெளியே வாட்டசாட்டமான ஒருவர், தோளில் பை, கையில் விரித்துப் பிடித்த காவல்துறை அட்டை.

"ஸ்டேஷன்லேருந்து வர்றேன். மேலிடத்துல சொன்னாங்க. வண்டி கீழ நிக்குது. சீக்கிரம் கிளம்புங்க."

"வந்துட்டாரு!" என்று மனைவி தாழ்ப்பாளில் கை வைத்தாள். கணவர் அந்தக் கையின்மேல் தம் கையை வைத்தார்.

"என்னங்க?"

"சீக்கிரமா வந்துட்டாரு."

"சீக்கிரமா வரத்தானே போலீஸ்?"

வெளியே நின்ற முகம் அவர் அறியாத முகம். அட்டை உண்மையா பொய்யா என்று ஆராயும் கல்வி அவருக்கில்லை. மச்சான் அனுப்பியவர்தானா, மச்சானே விற்றுவிட்டாரா, ஒன்றும் விளங்கவில்லை. உலகில் அவர் அறிந்து தேர்ந்தது ஒன்றே ஒன்று.

"சார், மாடிப்படில யாரோ ஏறி வர்ற மாதிரி சத்தம் கேக்குது. கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

வெளியே நின்றவர் சட்டெனப் பின்னே திரும்பினார். மாடிப்படிச் சன்னலின் வெளிச்சம் அவர் பிடரியில் விழுந்தது.

புதிய வெட்டு. முடி களையப்பட்ட ஓரத்துத் தோல் இன்னும் வெயில் காணாமல் வெளுத்திருந்தது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் இராது. வெட்டு நேர்த்தியாகவே இருந்தது, வலக்காதின் பின்புறம் நீங்கலாக. அங்கே மட்டும் முடி சரிந்து இறங்காமல், படிக்கட்டின் ஒரு படி போல வெட்டி நின்றது.

அந்தப் படியை அவர் அறிவார். வலக்கைக்காரரான ஒல்லி, இடக்கைக்காரரான இவரைப் பார்த்துத் தொழில் பழகிய தொடக்க நாள்களில், ஒவ்வொரு தலையிலும் அதே இடத்தில் அதே படி விழும். "ஏறி உச்சிக்குப் போறதுக்கு வழி வெட்டியிருக்கியா?" என்று வாடிக்கையாளர்கள் கேலி பேசுவார்கள். அது பழங்கதை. ஒல்லியின் கையிலிருந்து அப்பிழை மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

வெளியே நிற்பவர் இந்த ஊர்க் காவலர் அல்லர். இரண்டு மூன்று நாளுக்கு முன் ஒல்லியின் நாற்காலியில் அமர்ந்து எழுந்து வந்தவர்.

"சார், ஒரு நிமிஷம். மாமா குளிச்சிட்டு இருக்காரு. வந்ததும் கிளம்பிடலாம்" என்று சலூன்காரர் கதவின் வழியே சொன்னார்.

"நான் எங்க குளிக்கிறேன்?" என்றார் மாமனார்.

மகள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். மருமகனின் முகத்தைப் பார்த்த முதியவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஓசையின்றி நடந்து குளியலறைக்குள் போனார். குழாயை முழுக்கத் திறந்தார். போதாதென்று உரக்க இருமவும் தொடங்கினார். அந்த ஆரவாரத்தின் மறைவில் தாயும் மகளும் உடையலமாரியை நகர்த்திக் கதவோடு சேர்த்தார்கள். சலூன்காரர் தொலைபேசியில் கிசுகிசுத்தார்.

"வந்திருக்கிறது நம்ம ஆளா?"

"இல்லயே! அவர் இப்பத்தான் ஸ்டேஷன விட்டுக் கிளம்பறார். கதவத் திறக்காதீங்க மச்சான்! திறக்காதீங்க!"

அந்தக் குரல் உடைந்த விதத்தில், மச்சானைப் பற்றிய ஐயம் அக்கணமே அவர் நெஞ்சைவிட்டு நீங்கியது. ஒல்லியைப் பற்றிய ஐயம் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது.

வெளியே நின்றவரின் பொறுமை தீர்ந்தது. முதலில் கையால் தட்டினார், பிறகு தோளால் இடித்தார். தாழ்ப்பாள் வளைந்தது, அலமாரி ஒரு விரற்கடை பின்வாங்கியது, நால்வரும் அதில் முதுகைக் கொடுத்து நின்றார்கள். குளியலறையில் நீர் தானே ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் ஓசையும், "யாருப்பா நீ? என்ன பண்றே?" என்ற அயலாரின் அதட்டலும், அதன்பின் கீழிருந்து பூட்ஸ் காலடிகளும் கேட்டன. வந்தவர் படியிறங்கி ஓடினார். கட்டட வாசலில் உள்ளூர்க் காவலர்கள் அவரை மடக்கினார்கள். தோள்பையில் துப்பாக்கி இருந்தது.

வண்டி ஊரைக் கடந்து நெடுஞ்சாலையில் ஏறிய பின்தான் மச்சான் வாய் திறந்தார். முன்னிருக்கையிலிருந்து திரும்பி, பின்னே நெருக்கி அமர்ந்திருந்த நால்வரையும் பார்த்தார்.

"கத்தரி தெரிஞ்சுபோச்சு. வேற எதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒருத்தர் விடாம."

மனைவி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அக்கா பொண்ணுக்குக் குழந்தை பொறந்துச்சு. ஒரே ஒரு தடவதான் பேசினேன்."

"நான் பழைய பள்ளிக்கூடத்துப் பிரண்டுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்" என்றாள் மகள். "வெறும் பூப்படம்தான்."

"நான் ரொட்டிக் கடைக்காரன்கிட்ட, என் மாப்பிள்ளை லேசான ஆள் இல்ல, ஒரு கேஸே அவர் கையில இருக்குன்னு சொன்னேன்" என்றார் மாமனார்.

மச்சான் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா! நீங்களுமா?"

"கொஞ்சமாத்தான் சொன்னேன்."

முதலில் சிரித்தவள் மகள். பிறகு மனைவி சிரித்தாள்; சிரிப்பு அவளையறியாமல் அழுகையாக மாறியது. ஒருவரையொருவர் இத்தனை நாள் ஐயுற்றது வீண்போகவில்லை. ஐயுறத்தக்க காரணம் எல்லாரிடமும் இருந்திருக்கிறது. சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த ஒல்லிதான் காட்டிக் குடுத்திருக்கான், இல்லயா?" என்று மச்சான் கேட்டார்.

"ஊரக் கேட்டது அவன்தான். ஆனா அந்தப் பிடரில படி விழுந்திருக்கு. அந்தத் தப்பு அவன் கையில இப்ப கிடையாது."

"அதனால?"

"நான் பாப்பேன்னு தெரிஞ்சு வெட்டினானா, பயத்துல கை நடுங்கி வெட்டினானா, தெரியல. அவனையும் அவன் வீட்டு ஆளுங்களையும் இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. இங்க ஆள் புடிபட்ட சேதி லாரி முதலாளிக்குப் போறதுக்கு முன்னாடி."

"துரோகியா இருந்தா?"

"இருந்தா உங்க புடியில இருக்கட்டும். இல்லன்னா உயிரோட இருக்கட்டும். அவன் வந்து சேராம நான் கூண்டுல ஏற மாட்டேன்."

மச்சான் தொலைபேசியை எடுத்தார்.

ஒல்லியைக் கொண்டுவந்தார்கள். புதிய வீட்டின் கூடத்தில், முகம் வீங்கி, ஒரு கண் மூடியபடி, நண்பரின் முன் நின்றார். அந்தக் குழுவில் படத்தைக் கண்டதும் அண்ணன் உயிரோடிருக்கும் மகிழ்ச்சியில் யோசியாமல் ஊரைக் கேட்டுவிட்டதாகவும், கடையில் வெட்டிக்கொள்ள வந்த லாரி முதலாளியின் ஆட்கள் தொலைபேசியைப் பிடுங்கிப் பதிலைப் படித்துவிட்டதாகவும், அடித்ததாகவும், இவர்களைக் கொல்லப் போகிறவனுக்குக் காவலர் போல முடிவெட்டச் சொன்னதாகவும் கூறினார்.

"வேணும்னுதான் அந்தப் படிய வெட்டினேன் அண்ணே. நீங்க எப்படியும் பின்னாடி பாப்பீங்கன்னு தெரியும்."

சலூன்காரர் அவரைத் தழுவிக்கொண்டார். வழக்கு நாளன்று கூண்டேறித் தாம் கண்டதைக் கண்டவாறே சொல்லவும் செய்தார். லாரி முதலாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒல்லியின் சொல்லை அவர் நம்பினார், அல்லது நம்புவதென்று முடிவு செய்தார்.

மனைவி அப்படி எந்த முடிவும் செய்யவில்லை. ஒல்லி வந்த அன்று சூடாகச் சமைத்துத் தட்டு நிறையப் பரிமாறினாள். "நல்லா சாப்பிடுங்க தம்பி" என்று வாயாரச் சொன்னாள். பிறகு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கடைசிக் கவளம் உள்ளே போகும்வரை அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.